டஸ்டர் ஏ.டபிள்யூ.டி.: ஒன்றரை லட்சத்துக்குள் கல்பாதைக்கும் கேம்பிங்குக்கும் எதை மாற்றலாம்?

சொட்டுநீர்க்காரன் (கேள்வி)

வணக்கம்ங்க. சத்தியமங்கலத்தில் இருக்கிறேன். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பது தொழில். வாரத்தில் மூன்று நாளாவது திம்பம் ஏறித் தாளவாடிப் பக்கமோ, இந்தப் பக்கம் கடம்பூர் மலைக்கோ போயாக வேண்டும். போன தை மாதம் 2016 மாடல் ரெனோ டஸ்டர் டீசல் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். 110 குதிரைத்திறன், ஆறு கியர், ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கரத்துக்கும் இழுவை). ஓடியது 94,000 கி.மீ.

கடம்பூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். போகிற வழியில் ஒரு பள்ளம் குறுக்கே ஓடுகிறது. (நம்ம ஊரில் பள்ளம் என்றால் ஓடை, வெளியூர்க்காரர்கள் குழி என்று நினைத்துவிட வேண்டாம்.) மழை பெய்து ஓய்ந்தால் அதில் தலை அளவு உருட்டுக்கல்லாகக் கிடக்கும். இரண்டு தடவை அடியில் இடித்துவிட்டது. இரண்டாவது தடவை எஞ்சினுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடி கழன்று தொங்க, கட்டுக்கம்பியால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இன்னொரு தடவை ஏற்றத்தில் ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தன, வண்டி நகரவில்லை. தோட்டத்து ஆள் இரண்டு பேர் தள்ளித்தான் ஏறியது.

இது தொழில் பக்கம். வீட்டுப் பக்கம் வேறு ஒன்று. தாளவாடியில் நண்பரின் தோட்டத்தில் மாதம் ஒரு தடவை இரவு தங்குவோம். நான், மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள். டென்ட் ஒழுகிய நாளிலிருந்து மகள் "கார்லயே தூங்கலாம்ப்பா" என்று பிடிவாதம். அடுத்த செப்டம்பரில் இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டி போக வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது.

ஒரு கடையில் விசாரித்தபோது கொடுத்த பட்டியல்: இரண்டு அங்குலம் தூக்கும் கிட், 225/75 டயர், ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), இரும்பு பம்பரோடு புல் பார், அதில் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்), கூரைமேல் டென்ட், கூரை முழுக்க நீள லைட். மொத்தம் 2,85,000 ரூபாய். என் கையில் 1,50,000 இருக்கிறது. எதை வெட்டலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

ஒத்தையடிப்பாதை

டயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டுங்கள். அந்த டயர் அளவும் தப்பு.

ஒரு கேள்வி. சக்கரம் காற்றில் சுற்றியபோது இழுவையை மாற்றும் குமிழ் எதில் இருந்தது? டூ வீலா, ஆட்டோவா, லாக்கா?

சொட்டுநீர்க்காரன்

ஆட்டோவில்தான் எப்போதும் வைத்திருப்பேன். லாக் போட்டால் ஏதாவது உடைந்துவிடும் என்று விற்றவர் சொன்னார். தொட்டதே இல்லை.

ரிக்பட்டறை

தம்பி, விற்றவர் சொன்னதில் பாதி சரி. தார் ரோட்டில் லாக் போட்டு வளைத்து வளைத்து ஓட்டினால் கெடும். கல்லிலும் சேற்றிலும் போடத்தான் அதை வைத்தே இருக்கிறார்கள்.

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்குச் சேஸிஸ் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த வண்டி உங்களுடையதேதான், 2015 மாடல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அந்தப் பட்டியலில் பாதியைச் செய்து பார்த்து, கழற்றியும் எறிந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடிபட்டேன். 2017-இல் ஸ்ட்ரட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே இரண்டு அங்குல அலுமினியக் கட்டை வைத்து வண்டியைத் தூக்கினேன். வேறு யாரும் செய்யவில்லை, என் லேத்தில் நானே கடைந்து போட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டில்கூட "புது வண்டியா?" என்று கேட்டார்கள். லாரியில் பின் ஆக்சில் ஒரே கட்டையாக இருக்கும். பாடியை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சிலுக்குள் இருக்கும் ஷாஃப்ட் நேராகவே நிற்கும். அந்தப் புத்தியில்தான் நான் செய்தேன். ஆனால் டஸ்டர் ஏ.டபிள்யூ.டி.யில் முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். முன்சக்கரத்துக்கு மட்டும் இழுவை உள்ள டஸ்டரில் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் இதில் கிடையாது. பாடி உயர்ந்தால் டிரைவ் ஷாஃப்ட் நான்கும் கீழ்நோக்கிச் சாயும். ஓடுகிற நேரமெல்லாம் அந்தச் சாய்விலேயே சுற்ற வேண்டும். எட்டு மாதத்தில் முன் இடது பக்க ஷாஃப்ட் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் எல்லாம் வீல் உள்பக்கம் தெறித்துக் கிடந்தது. கவனிக்காமல் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு டக், டக், டக். வீட்டுக்காரம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். ஷாஃப்ட்டே மாற்ற வேண்டியதாயிற்று.

அதைவிட முக்கியம், தூக்கியதால் உங்கள் பிரச்சினை தீராது. மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் காற்றில் நின்றதற்குக் காரணம் உயரக் குறைவு இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரமே கொஞ்சம். கட்டை வைத்தால் அந்தத் தூரம் கூடாது.  இந்த வண்டிக்கு நிறுவனமே 210 மி.மீ. கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளி) கொடுத்திருக்கிறது. உங்கள் வண்டியில் இப்போது அந்த 210 இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒன்பது வருட ஸ்பிரிங், காய்ந்துபோன புஷ், பின்னால் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள். இரண்டு செ.மீ. இறங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. புது ஸ்ட்ரட், புது ஸ்பிரிங், லோயர் ஆர்ம் புஷ் போட்டாலே போன உயரம் திரும்பி வந்துவிடும். இதற்கு யாரும் கேள்வி கேட்க முடியாது, கம்பெனி அளவுதானே.

ஆனால் அதற்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால், டைமிங் பெல்ட். 94,000 ஓடிய வண்டி, இரண்டாம் கை. முந்தையவர் மாற்றிய பில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே மாற்றுங்கள். இந்த 1461 சிசி டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். எஞ்சின் வேலை உங்கள் ஒன்றரை லட்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதோடு பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில். இப்படி ஒன்று பின்னால் இருப்பதே பல பேருக்குத் தெரியாது, எஞ்சின் ஆயில் மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது டயர். உங்கள் அளவு 215/65 ஆர்16. கடைக்காரர் சொன்ன 225/75 போட்டால் டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஆறு செ.மீ. கூடும், திருப்பும்போது உள்ளே உரசும். அதை மறைக்கத்தான் இரண்டு அங்குலத் தூக்கலையும் சேர்த்து விற்கிறார்கள். ஒன்றை விற்க இன்னொன்று. 215/70 போடுகிறவர்கள் உண்டு. கணக்குப் பாருங்கள்: விட்டம் 686-லிருந்து 707 மி.மீ. ஆகிறது, அதில் பாதிதான் கிளியரன்ஸுக்கு வரும், ஒரு செ.மீ. சொச்சம். அதற்கு ஈடாக மீட்டர் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும், பிக்கப்பும் கொஞ்சம் போகும். நான் பழைய அளவிலேயே, 215/65-லேயே, யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி. போட்டிருக்கிறேன். பக்கச்சுவர் கெட்டி, கல்லில் கிழியவில்லை. தார் ரோட்டில் லேசாக ஓங்காரம் வரும், பாட்டுப் போட்டால் கேட்காது.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள், நான்காக வேண்டாம். ஏ.டபிள்யூ.டி.யில் ஸ்டெப்னி வேறு அளவாகவோ மற்றவை தேய்ந்திருக்கும்போது புத்தம் புதிதாகவோ இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் கப்ளிங் சூடாகும். ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் ஒன்றுபோல் தேயும்.

காசே இல்லாத மாற்றம் ஒன்று உண்டு, காற்றை இறக்குவது. ரோட்டில் 33 பி.எஸ்.ஐ. வைத்தால் கல்பாதையில் 25, மணலில் 18. டயர் தட்டையாகித் தரையைக் கவ்விக்கொள்ளும், கல்லின்மேல் குதிக்காமல் உருளும். 15-க்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும். மறுபடி ரோட்டுக்கு வந்ததும் அடித்துவிட வேண்டும், அதற்கு பேட்டரியில் மாட்டும் நல்ல பம்பு ஒன்று. சிகரெட் லைட்டரில் மாட்டுவது வேண்டாம், ஃபியூஸ் போய்விடும்.

அடித்தகடு, அதாவது எஞ்சினுக்குக் கீழே காப்பாக மாட்டுவது. இதுதான் உங்கள் பள்ளத்துக்கு நேரடி மருந்து. 3 மி.மீ. இரும்புத் தகட்டில் எழுபதுக்கு எண்பது செ.மீ. வெட்டினால் 13 கிலோ வரும். அதே அளவை 4 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் ஆறு கிலோதான். நான் அலுமினியத்தில் செய்தேன், முன் விளிம்பை மட்டும் மேலே வளைத்து. சப்ஃப்ரேமில் இருக்கும் துளைகளில்தான் போல்ட் போட வேண்டும், ஆயில் சம்ப்புக்கும் (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் கல்லின் அடி தகட்டைத் தாண்டிச் சம்ப்புக்கே போகும். ஆயில் இறக்க ஒரு துளை, காற்றோட்டத்துக்கு நாலைந்து நீளத் துளை. முதல் 500 கி.மீ.யில் நட்டெல்லாம் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள், கட்டாயம் ஒன்றாவது இளகியிருக்கும். ஈரோட்டிலோ பவானியிலோ எந்தப் பட்டறையிலும் இதைச் செய்வார்கள். அட்டையில் அளவு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

லாக் பற்றி. கல் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், சிக்கிய பிறகு இல்லை. ஆட்டோவில் சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின்பக்கம் உதவிக்கு வரும். லாக்கில் முன்பின் இரண்டும் சேர்ந்தே இழுக்கும். முதல் கியர் இந்த வண்டியில் மிகவும் சின்னது, ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு ஆறு கிலோமீட்டர்கூட வராது. தார் ரோட்டில் நாங்கள் இரண்டாம் கியரில்தான் எடுப்போம். கல்லில் அந்த முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டு, அதுபாட்டுக்கு ஊரவிடுங்கள். லோ ரேஞ்ச் கியர் இல்லாத வண்டி இது, அரைக் கிளட்சில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் தீய்ந்த வாசம் வரும். சேற்றில் ஈ.எஸ்.பி.யை (வழுக்கலைத் தானே அடக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள், சக்கரம் சுற்றினாலே அது எஞ்சினை அடக்கிவிடும். கப்ளிங் சூடு ஏறினால் விளக்கு எரிந்து பின்பக்கம் தானாகவே விடுபடும். பயப்பட வேண்டாம், நிறுத்தி ஒரு டீ குடியுங்கள்.

லாக் போட்டாலும் அது முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில்தான் பூட்டும். இடதுக்கும் வலதுக்கும் இல்லை. அதனால் மூலைக்கு மூலை சக்கரம் தூக்கினால் இனியும் நிற்கும். இறங்கி, தூக்கியிருக்கும் சக்கரத்துக்குக் கீழே நாலு கல் அடுக்குங்கள். இதற்கு எந்தக் கடையிலும் கிட் கிடையாது.

ஸ்நார்க்கல், வின்ச் இரண்டும் வேண்டாம். ஸ்நார்க்கல் எஞ்சினுக்கு மட்டும் மூக்கை உயர்த்தும். கதவு ரப்பர், ஒயரிங், டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கும். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நடந்து பாருங்கள், முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். வின்ச் முப்பது கிலோவுக்கு மேல், அத்தனையும் மூக்கில். அதை இழுத்துப் பிடிக்க லாரி மாதிரி சேஸிஸ் சட்டமும் இதில் இல்லை. அந்தக் காசில் சிக்கிய சக்கரத்துக்குக் கீழே வைக்க இரண்டு பிளாஸ்டிக் ஏணித் தகடு, ஒரு நல்ல கயிறு, அதை மாட்ட இரண்டு ஷேக்கிள் (இரும்பு வளையம்), ஒரு மண்வெட்டி. முன்னால் திருகி மாட்டும் கொக்கி மெதுவாக இழுப்பதற்கு மட்டும். வெடுக்கென்று இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு கண்ணாடிக்குள் வரும். பட்டறையில் ஒரு கொக்கி சுவரில் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், குழந்தையை நாற்பது அடி தள்ளி நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. எதையும் வாங்குவதற்கு முன் மூன்று பேரும் ஏறி, தங்கப் போகும்போது எடுத்துச் செல்லும் சாமான் எல்லாம் ஏற்றி, டேங்க் நிரப்பி, ஒரு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஐம்பது நூறுதான் கேட்பார்கள். கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் உச்ச எடை போட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். லாரிக்காரன் புத்தி என்று சிரிக்காதீர்கள்.

வாய்தா

ரிக்பட்டறை அண்ணன் வண்டிப் பக்கம் சொன்னார், நான் சட்டப் பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புல் பாரை 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் தடுத்துவிட்டது. முன்னால் இரும்பு நின்றால் மோதும் ஆளுக்கும் ஆபத்து, உள்ளே ஏர்பேக் வேலை செய்வதும் சந்தேகம். பிடிபட்டால் அபராதம் என்பதைவிட, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி மாற்றத்தைத்தான். கூரை லைட்டைப் பொது ரோட்டில் எரிக்கவே கூடாது. திம்பத்தில் எதிரில் வரும் பஸ் டிரைவருக்கு அந்த வெளிச்சத்தில் கண் கூசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. கடம்பூரும் தாளவாடியும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் உள்ளேயும் இருக்கும் ஊர்கள். ஊர்ப் பாதை, தோட்டத்துப் பாதை சரி. ஓடைப் படுகையில் இறங்கி ஓட்டிப் பார்ப்பது, ரோட்டோரக் காட்டில் டென்ட் அடிப்பது இரண்டும் வனக் குற்றம். திம்பத்தில் கார்களுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை தடை இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. தங்குவது நண்பரின் பட்டா நிலம் என்பதால் தப்பித்தீர்கள்.

கூடாரமும் குக்கரும்

அண்ணா, நான் கோயம்புத்தூர். எங்களிடம் 2013 டஸ்டர், டூ வீல் டிரைவ். நானும் கணவரும் அதில் இருபது இரவுக்கு மேல் தூங்கியிருக்கிறோம். கல்பாதை பற்றி எனக்குத் தெரியாது, தூங்குவது பற்றித் தெரியும்.

முதலில் கெட்ட செய்தி. மூன்று பேர் உள்ளே படுக்க முடியாது. இரண்டு பக்கச் சக்கர மேடுகளுக்கு நடுவில் இடம் அவ்வளவுதான். அண்ணியும் பாப்பாவும் உள்ளே, நீங்கள் வெளியே டென்டில். கூரை டென்ட் வாங்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள். கையேட்டில் கூரைப் பாரம் 80 கிலோதான். டென்ட் ஐம்பது அறுபது கிலோ, அதைத் தாங்கும் கம்பிகள் பதினைந்து. அதைத் தலையில் வைத்துக்கொண்டு திம்பத்தின் இருபத்தேழு வளைவிலும் ஆடிக்கொண்டே ஏற வேண்டும். வாரம் மூன்று நாள் தொழிலுக்குப் போகும் வண்டி என்கிறீர்கள். அந்த நாட்களில் டென்டைக் கழற்றி எங்கே வைப்பீர்கள்?

பின்சீட்டை மடித்தாலும் தரை சமமாக வராது, நடுவில் படி நிற்கும். பஞ்சு மெத்தையால் நிரப்பலாம் என்று முயன்றோம், இரவு முழுக்கச் சரிந்துகொண்டே இருந்தோம். பிறகு 12 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கி (ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், மழை ஈரத்தில் உப்பாது) மூன்று துண்டாகக் கீல் வைத்து மடிக்கிற மாதிரி பலகை செய்தோம். பின்துண்டு டிக்கித் தரையில் நான்கு கால்கள்மேல் நிற்கும், கீழே அடுப்பும் அரிசியும் வைக்கலாம். முன்துண்டு மடித்த சீட்டின்மேல் உட்காரும். முன்சீட்டுகளை முழுக்க முன்னால் தள்ளினால் எங்கள் வண்டியில் 175 செ.மீ. கிடைத்தது. நான் 160, தாராளம். அவர் 178, குறுக்காகத்தான் படுப்பார். ஒரு முழுப் பிளைவுட்டே 24 கிலோ வரும், வெட்டிய பிறகு எங்களுக்கு 15 ஆனது. உங்கள் வண்டியில் டிக்கி 410 லிட்டர், எங்களுடையது 475, அதனால் தரை உயரம் மாறும். எங்கள் அளவை அப்படியே வெட்டிவிடாதீர்கள்.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்காவிட்டால் காலையில் உள்ளே மழை பெய்த மாதிரி இருக்கும், மூச்சுக்காற்று எல்லாம் கண்ணாடியில் தண்ணீர். கொசுவலைத் துணியைக் கதவுச் சட்டத்தின் மேலாக மாட்டிக் கதவைச் சாத்திவிடுங்கள், காந்தம்கூட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கவே கூடாது. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எழுந்திருக்கவே மாட்டோம். சமையல் வெளியே, தூக்கிய டிக்கிக் கதவின் கீழே. மழைக்கு அதுவே கூரை.

தாளவாடி என்பதால் இதையும் சொல்கிறேன். காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் கரும்பு லாரியை யானை மறிப்பதை நீங்களே நேரில் பார்த்திருப்பீர்கள். கரும்பு, வாழைப்பழம், பலா, உப்பு, வெல்லம் எதையும் இரவில் வண்டியிலோ டென்டிலோ வைக்காதீர்கள். நண்பரின் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். டென்டை எங்கே அடிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள், யானை வரும் தடம் தோட்டக்காரருக்குத்தான் தெரியும்.

ஒத்தையடிப்பாதை

ஸ்பிட்டி பற்றி யாரும் தொடவில்லை. நான் போயிருக்கிறேன், வாடகை வண்டியில், அதுவும் சாதாரண டூ வீல் டிரைவ். இந்தத் தகடும் டயரும் போட்ட வண்டி தாராளமாகப் போகும். போவது சிம்லா, கின்னௌர் வழியாக, திரும்புவது குன்சும் கணவாய், மணாலி வழியாக. ஏறுவது மெதுவாக இருக்கும், குழந்தையின் உடம்பு பழகும். மணாலி வழியாக ஏறினால் ஓரிரு நாளில் 4,500 மீட்டருக்கு மேல் போய் நிற்பீர்கள், தலைவலியும் வாந்தியும்தான் மிச்சம்.

திரும்பும் வழியில் பாட்டல் என்ற இடத்திலிருந்து கிராம்ஃபூ வரை ரோட்டின் குறுக்கே ஓடைகள். பனி உருகி வரும் தண்ணீர், மதியத்துக்கு மேல் கூடும். காலையிலேயே தாண்டிவிடுங்கள். உங்கள் கடம்பூர்ப் பள்ளம் மழைக்குத்தான் பெருகும், அது வெயிலுக்குப் பெருகும், அவ்வளவுதான் வித்தியாசம். சந்திரதால் ஏரிக்கரையில் டென்ட் அடிக்க விடமாட்டார்கள், சற்றுத் தள்ளி முகாம்கள் இருக்கின்றன. காஜாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சின்ன டப்பா கேஸ் அடுப்பு எடுத்துப் போனால் வெறும் பியூட்டேன் வாங்காதீர்கள், பூஜ்ஜியம் டிகிரிப் பக்கம் அது ஆவியாகவே ஆகாது. டீ கிடைக்காது. புரோப்பேன் கலந்ததாக வாங்குங்கள்.

சொட்டுநீர்க்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னபடி முதலில் எடைமேடை. மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் டஸ்டரை ஏற்றியபோது மேடைக்காரர் "என்னங்க, சாமானம் ஒண்ணுமில்லையே?" என்றார். சீட்டைப் பார்த்தால், வண்டியின் உச்ச எடைக்கு மீதி 40 கிலோதான்! புல் பாரும் வின்ச்சும் கூரை டென்டும் போட்டிருந்தால் நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில்தான் பின்னால் போயிருக்க வேண்டும். அன்றைக்கே டிக்கியில் இருந்த குழாய்ச் சுருள், பழைய வால்வு, ஒரு பம்பு மோட்டார் எல்லாவற்றையும் குடோனில் இறக்கினேன். 63 கிலோ. எனக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது.

டைமிங் பெல்ட் பில் முந்தையவரிடம் இல்லை. மாற்றினேன், 16,000. பழைய பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தார். ஸ்ட்ரட், ஸ்பிரிங், புஷ் 26,000. அளந்து பார்த்தேன், முன்னால் 17 மி.மீ. ஏறியது. டயர் ஐந்து 51,000. அடித்தகடு 9,500, பவானியில் அட்டை வெட்டிக் கொடுத்துச் செய்தேன். பம்பு, ஏணித் தகடு, கயிறு, ஷேக்கிள் 17,500. பிளைவுட் பலகை 7,000. மொத்தம் 1,27,000. மீதி 23,000-த்தை ஸ்பிட்டி டீசலுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

பள்ளத்தை நாலு தடவை தாண்டிவிட்டேன். காற்று 25, லாக், முதல் கியர். தகட்டில் நீளமாக இரண்டு கீறல், அவ்வளவுதான். ஐந்தாவது தடவை இறங்கி நடந்து பார்த்தேன், தொடை வரை தண்ணீர். வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு, டிராக்டரில் ஏறித் தோட்டத்துக்குப் போனேன்.

போன சனிக்கிழமை தாளவாடியில் தங்கினோம். மனைவியும் மகளும் பலகைமேல், நான் பழைய டென்டில். இரண்டு மணிக்கு மழை. டென்ட் முன்பு ஒழுகிய அதே மூலையில் ஒழுகியது. கண்ணாடியைத் தட்டினேன், மகள் எழுந்து டிரைவர் கதவை மட்டும் திறந்துவிட்டாள். சீட் முழுக்க முன்னால் தள்ளிக் கிடந்தது. ஸ்டீயரிங் நெஞ்சில் இடிக்க, விடியும் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை தலை சாய்ந்து ஹாரன் அடித்துவிட்டது. தோட்டத்து நாய் எல்லாம் எழுந்து, நண்பர் யானைதான் வந்துவிட்டது என்று டார்ச்சோடு ஓடி வந்தார்.

ஒருவர் படுக்கிற மாதிரி, ஒழுகாத டென்ட் எது வாங்கலாம்ங்க? எடை மூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டும்.